கேசரி சாட்சியாக ஒரு ரத்தப் பரிசோதனை

எந்தச் சோதனையையும் பரீட்சையாகவே நினைக்கும் ஆள் நான். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால்கூட மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். இந்தப் புத்தியோடுதான், எழுபதுகளின் கடைசியில், கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தேனிக்குப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன்.

ஆண்டிபட்டியில் எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். நீலமாகவே இருக்க வேண்டியது ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது. "சாப்பிட்ட பெறகு ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். பெண்ணுக்கு எங்கே போவது? போடியில் ஏலக்காய் வியாபாரியின் மகள். ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன், மனசு அங்கேயே தங்கிவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை என்று காதில் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் ஆண்டிபட்டியும் வேண்டாம், போடியும் வேண்டாம் என்று நடுவில் இருக்கும் தேனியைத் தேர்ந்தெடுத்தேன்.

"வழக்கமாச் சாப்பிடுறதச் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. இடையில எதுவும் வேண்டாம்" என்றார் தேனி டாக்டர். என் வழக்கம் எட்டு இட்லி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் இரண்டே இரண்டு கேட்டேன். (பிட் அடிக்கிற வேலைதான். வாத்தியாராகப் போகிறவன் செய்கிற காரியமா இது?)

முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். எதிரே என் வருங்கால மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ளையா? என்ன இங்கன?"

அவர் முகத்தில் ஒரு பதற்றம். என்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஜவுளி எடுக்க வந்தேன் மாமா. நீங்க?"

"பேங்குல ஒரு சோலி." என் எதிரில் உட்கார்ந்து இலையைப் பார்த்தார். "ரெண்டு இட்லிதானா? ஒடம்புக்கு ஏதும்..."

"சேச்சே, இது சும்மா ஆரம்பம் மாமா."

ஆரம்பம் என்று சொல்லிவிட்டுத் தொடராமல் இருக்க முடியுமா? பொங்கல் வந்தது, வடை வந்தது. அவர் எனக்குக் கேசரி சொன்னார். நான் அவருக்கும் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார், என்னைப் பார்த்தார், பிறகு வழித்துச் சாப்பிட்டார். "மாமாவுக்கு இன்னொண்ணு வையிங்க" என்றேன். "மாப்ளைக்கும்" என்றார். காபியில் இருவருமே சர்க்கரையைத் தூக்கலாகப் போடச் சொன்னோம். மாப்பிள்ளையை இப்படிக் கவனிக்கும் மனிதர் உண்டா என்று உருகிப்போனேன். அவர் அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது பேங்கு திறக்கும் நேரத்துக்காக என்று நினைத்தேன்.

அவரிடம் விடைபெற்று, வேகமாக நடந்தால் கேசரி கரைந்துவிடும் என்ற நம்பிக்கையில் தேனி வீதிகளை வெயிலில் அளந்தேன். வேர்த்து வழிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால், பெஞ்சில் ஒருவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மீதி பேப்பரை எடுத்து நானும் மூடிக்கொண்டேன்.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆனவுக உள்ள வாங்க" என்று கம்பவுண்டர் கூப்பிட்டார்.

பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்தோம்.

சேர்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சேர்ந்துதானே இரண்டு மணி நேரம் ஆகும்? இந்தச் சின்னக் கணக்கு கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

மாமாதான் முதலில் பேசினார். "ஜவுளி இங்கனயா விக்கிறாக மாப்ள?"

"பேங்கு இங்கனயா மாமா இருக்கு?"

மறுபடி உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மூணு வருசமா இருக்கு மாப்ள. பொண்ணு வம்சத்துல சர்க்கரைன்னா ஒங்க வீட்டுல வேணாம்னு சொல்லிருவாகளோன்னு மூடி வச்சிருந்தேன். ஒங்களக் கண்ட பயத்துலதான் கேசரியத் தின்னேன்."

"நானும் அந்தப் பயத்துலதான் மாமா தின்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் முடிவு வந்தது. டாக்டர் என்னிடம் சொன்னார்: "சாப்பிட்டா யாருக்கும் சர்க்கரை ஏறும். இன்சுலின் அதை எறக்கியிருச்சான்னு பாக்கத்தான் ரெண்டு மணி நேரம். ஒங்களுக்கு எறக்கியிருக்கு. சில பேருக்கு ரத்தத்துல சரியா இருந்தாலும் சிறுநீர்ல கசியும். பயப்பட வேண்டாம்." பிறகு மாமாவின் சீட்டைப் பார்த்து, "காலையில என்ன சாப்பிட்டீக?" என்றார். மாமா என்னைக் கை காட்டினார். "மாப்ளதான் இன்னொண்ணு வைக்கச் சொன்னாக."

அவரை வேறொரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் டாக்டர். (வந்தார். அப்போதும் இன்சுலின் ஊசி தப்பவில்லை.)

பஸ் ஸ்டாண்டில் மாமா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க தப்பிச்சிட்டீக. இப்ப என்ன முடிவு மாப்ள?"

காலையிலிருந்து நான் பயந்த கேள்வியை அவர் என்னிடம் கேட்கிறார். தாங்க முடியவில்லை. "எங்க ஆத்தாட்ட நானே சொல்றேன் மாமா. கல்யாணம் நடக்கும்" என்றேன்.

ஆத்தா கேட்டுவிட்டு, "வியாதிய மறைக்காமச் சொன்ன மனுசன். அங்கன பொண்ணு எடுக்காம வேற எங்கன எடுக்க?" என்றாள். பிடிபட்ட பிறகுதான் சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை.

மாமா சும்மா இருந்தாரா? கல்யாணப் பந்தியிலேயே கதையை அவிழ்த்துவிட்டார். இப்போது அவர் இல்லை. அவர் பயந்தபடியே அவர் மகளுக்குச் சர்க்கரை வந்தது. வம்சத்தில் யாருக்குமே இல்லாத எனக்கும் வந்தது. காலையில் சாப்பிட்டு முடித்து, கடிகாரத்தைப் பார்த்து இருவரும் ரத்தம் கொடுக்கக் கிளம்பினால், மகன் வாசலில் நின்று கேட்பான்:

"ஜவுளிக்கா, பேங்குக்கா?"

"அப்பா ஜவுளி எடுக்கப் போறாக" என்பாள் அவள், செருப்பை மாட்டியபடி. "எனக்குப் பேங்குல சோலி."