பேரையூர் மாப்பிள்ளைக்கு வந்த பைபோலார்

உலகத்தில் நோயில்லாத மனிதன் ஒருவன்கூடக் கிடையாது. அப்படி ஒருவன் இருந்தால், அவன் இன்னும் எங்கள் சிம்ப்டம் அண்ணன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

ஒத்தக்கடையில் நான் பில் போடும் பம்புசெட் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுப்பவர் அவர். நிஜப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாஷர் எண்ணிய நேரம் போக, மனநோய் பற்றிய ரெண்டு நிமிட வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவார். முதலாளி பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தால் ஓசிடி. டீக்காரர் சர்க்கரையை மறந்தால் ஏடிஎச்டி. ஒருநாள் நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"டிப்ரஷன்மா. ஆரம்ப நிலை" என்றார்.

"பாகற்காய்ணே" என்றேன்.

இப்படிச் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேரையூரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போகும்வரை. மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸை அண்ணனிடம் காட்டித் தொலைத்தேன்.

காலையில் அழுது வீங்கிய முகம். மத்தியானம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விசிலடித்து ஒரே ஆட்டம். சாயங்காலம் மொட்டைத் தலை. எதற்கும் ஒரு வரி விளக்கமில்லை. எனக்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அம்மாடி, இது பைபோலாரு. ஒரு நேரம் ஒரே அழுகை, ஒரு நேரம் ஒரே ஆட்டம். அம்புட்டு சிம்ப்டமும் இருக்கு."

அதோடு விட்டாரா? என் அப்பாவுக்கும் போன் போட்டுவிட்டார். "இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். மாப்பிள்ளையோ போனை எடுக்கவில்லை. மறுநாள் கடையில் நான் வெடித்துவிட்டேன்.

"வியாதி இருந்தா வைத்தியம் பாத்துக்கலாம்ணே. இருக்கா இல்லையானு போனைப் பாத்தே எப்படிச் சொன்னீங்க? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?"

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. "நேர்லயே பாத்துட்டு வாரேன்மா" என்று லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். திருமங்கலத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். நான் பில்லைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். "அம்மாடி, அவுக பூட்டன் செத்துப்போனாராம். நூறு வயசு. கல்யாணச் சாவு! அழுதிருக்காக, கொட்டடிச்சு ஆடியிருக்காக, மொட்டை எடுத்திருக்காக. நல்ல காரியம் பேசுற வீட்டுக்குச் சாவுச் சேதி சொல்லக்கூடாதுன்னு அவுக அம்மா சொல்லிருச்சாம். குரல் காட்டிக்குடுத்துரும்னுதான் போனையும் எடுக்கலையாம்."

எத்தனை கல்யாணச் சாவில் இவரே துண்டு கட்டி ஆடியிருப்பார்! அதுவே போனுக்குள் வந்ததும் வியாதியாகிவிட்டது. என்ன ஜென்மமோ!

"அவரு எப்படிண்ணே இருக்காரு?"

"துக்கம் கேக்க வந்த ஆளுன்னு நெனச்சு என் கையைப் பிடிச்சு அழுகுறாரும்மா. வந்த விஷயத்தை எங்கிட்டுச் சொல்ல? நானும் சேந்து அழுதுட்டேன்."

அப்பாவிடமும் அவரே, "நான் சொன்னது சுத்தத் தப்பு, மாப்ள தங்கம்" என்று ஒப்புக்கொண்டார்.

முடி வளர்ந்ததும் கல்யாணம். தாலி ஏறிய நேரம் கூட்டத்தில் அண்ணனைத் தேடினேன். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாயெல்லாம் சிரிப்பு. ரெண்டும் ஒரே நேரத்தில். அது என்ன வியாதி என்று அவர் போனை எடுத்துப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது அதேதான் இருந்தது.