நாற்பதடிப் பெங்குயின்

"உன் பெங்குயின் ஒரு அடி. அதை நாப்பது அடிச் சிலையாக்க எவ்வளவு சிமெண்ட் ஆகும்! என் சுறா மூணரை அடி. லேசா இழுத்து விட்டாப் போதும்" என்றார் டெஸ்.

ஊர் மன்றம் குலுங்கிச் சிரித்தது. ஹேசலுக்குக் காது சிவந்தது.

ஆஸ்திரேலிய நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் ராட்சத இறால், ராட்சத அன்னாசி என்று பயணிகளை இழுக்கச் சிலை நிறுத்தி வைத்திருக்க, லிம்பட் முனையில் மட்டும் ஒன்றுமில்லை. எதற்குச் சிலை என்று இன்று ஓட்டெடுப்பு: குட்டிப் பெங்குயினா, போர்ட் ஜாக்சன் சுறாவா? ஹேசல் பன்னிரண்டு வருடமாக வடக்குக் கடற்கரையில் இருபத்து மூன்று ஜோடிப் பெங்குயின்களுக்குக் காவல். பறவைகள் மிரளும் என்று, அங்கே யாராவது டார்ச் அடித்தாலே சண்டைக்குப் போவாள். தன் பறவைகளுக்குச் சிலை வாங்காமல் இன்று வீடு திரும்புவதாக இல்லை.

"பெங்குயின் வருஷா வருஷம் அதே பொந்துக்கு வரும்!"

"சுறாவும்தான். குளிர் வந்தா அதே பாறைக்கு வந்துடும்." தினமும் முக்குளிக்கிற மனிதர், விடுவாரா?

"பெங்குயின் ரெண்டும் மாத்தி மாத்தி அடைகாக்கும். சுறா முட்டையைப் போட்டுட்டுப் போயிடும்!"

"வாயால கவ்வி, பாறை இடுக்குல பத்திரமாச் செருகிட்டுத்தான் போகும். ஆமா, உன் பெங்குயின் டைவர்ஸ் பண்ணும்ல?"

ஹேசலுக்குப் பொய் வராது. "எப்பவாவது... குஞ்சு பொரிக்காத வருஷம்..." என்று அவள் விளக்க விளக்க, முன்வரிசையில் இரண்டு தம்பதிகள் முறைத்துக்கொண்டார்கள்.

பேச்சை மாற்ற, பெங்குயின் மாதிரியே கத்திக் காட்டினாள். கைக்குழந்தை ஒன்று வீரிட்டது.

"சுறா சத்தமே போடாதும்மா!" என்றார் டெஸ். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

போச்சு, எல்லாம் போச்சு! ஹேசல் நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.

"கேளுங்க! சுறாவைப் பாக்கணும்னா முக்குளிக்கணும். பெங்குயினைப் பாக்க மணல்ல உக்காந்தாப் போதும்! சிலையை மட்டும் வையுங்க, அடிலெய்டிலேருந்து பஸ் பஸ்ஸா ஜனம் வரும்!"

மன்றம் நிமிர்ந்து உட்கார்ந்தது. டெஸ் சட்டென்று எழுந்தார். பின்வரிசைக்குப் போய், முக்குளிப்புச் சங்கத்தாரிடம் ஏதோ கிசுகிசுத்தார். திரும்பி வந்து சாதுவாக உட்கார்ந்துகொண்டார்.

எண்ணி முடித்தார்கள். பெங்குயின் எண்பத்து மூன்று. சுறா சைபர்.

ஹேசல் குதித்தாள், அழுதாள், டெஸ்ஸையே கட்டிக்கொண்டாள்.

"அட, நீயுமா எனக்குப் போட்ட?"

"சங்கமே போட்டுச்சு" என்றார் டெஸ், கூரையைப் பார்த்தபடி.

"எவ்வளவு பெரிய மனசுப்பா உனக்கு!"

டீக்கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ரோண்டா நிமிர்ந்தாள்.

"மனசாவது ஒண்ணாவது! பஸ்ல வர்ற கூட்டமெல்லாம் உன் கடற்கரைக்குப் போயிட்டா, இவர் சுறா நிம்மதியாத் தூங்கும்ல?"