முதலைத் துறை, காலை ஆறு மணி

ஒரு காட்டில், மலைச்சரிவுப் பக்கமாக, சிவக்கொழுந்து என்ற வரையாடு பார்க்கூர் பழகி வந்தது. எதிரே சுவரோ பள்ளமோ எது வந்தாலும் சுற்றிப் போகாமல் தாண்டிப் போகிற வித்தை அது. வரையாடு பிறவியிலேயே தாவுமே, அதற்கெதற்குப் பயிற்சி என்று கேட்கக்கூடாது. மற்ற ஆடுகள் புல்லுக்காகத் தாவின. சிவக்கொழுந்து தாவுவதற்காகவே தாவியது.

தினமும் காலை ஆறு மணி. ஒரே பாறைப் பிளவு. நூறு தாவல். இறங்கும்போது குளம்புச் சத்தம் கேட்டால் அந்தத் தாவல் சேராது. தொண்ணூற்றெட்டாவதில் கால் இடறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

"யாரு பாக்கிறா? நூறுன்னு சொல்லிட்டு வாண்ணே, பசிக்குது" என்றது தங்கை அங்கயற்கண்ணி.

"நான் பாக்கிறேனே" என்றது சிவக்கொழுந்து.

இந்த ஒழுக்கத்தை மெச்சிய ஒரே பிராணி, சிறுத்தை கேசவமூர்த்தி. மூன்று மாதம் புதரில் உட்கார்ந்து கவனித்தது. நேரம் தவறாமல் வந்து ஒரே இடத்தில் இறங்கும் காலை உணவை அது அதுவரை கண்டதில்லை. ஒரு திங்கட்கிழமை எதிர்ப்பாறையில், சரியாக அந்த இடத்தில், வாயைத் திறந்து படுத்துக்கொண்டது.

அந்தரத்தில் இருக்கும்போதுதான் சிவக்கொழுந்து பார்த்தது. ஆனால் கால் எடுத்த பிறகு யோசிக்கக்கூடாது என்று பழகிய உடம்பு. நான்கு குளம்பும் சிறுத்தையின் மூக்கில் போய் இறங்கின. சிவக்கொழுந்து உருண்டு எழுந்து ஓடியது. குளம்புச் சத்தம் இல்லை, கத்தியது சிறுத்தைதான் என்பதால் அந்தத் தாவலைச் சேர்த்துக்கொண்டது.

மூக்கில் கட்டோடு சிறுத்தை, சிங்கத்தின் அலுவலகத்தில் புகார் கொடுத்தது. எழுத்தர் முள்ளம்பன்றி விசாரித்தது.

"அனுமதி வாங்கித்தான் தாவினீரா?"

"ஐயா, அவர் என்னைத் தின்ன வந்தாருங்க."

"அது வேற செக்ஷன். இங்கே தாவல் மட்டும்தான்."

தீர்ப்பு வந்தது. இனி தாவுகிறவர்கள் இடமும் நேரமும் எழுதி, முந்தின நாளே படிவம் தர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார். முன் அனுபவம் கருதி, கேசவமூர்த்தியே அதிகாரியாக நியமிக்கப்பட்டது.

சிவக்கொழுந்து படிவத்தின் முன் வெகுநேரம் நின்றது. ஒரு தாவலைக்கூடக் கூட்டிச் சொல்லாத ஆடு. பேனாவை வாயில் கவ்வியது.

"எழுதுங்க தம்பி. உங்களை மாதிரி நேர்மையானவங்க காட்டுக்கே பெருமை" என்றது சிறுத்தை, எச்சிலை விழுங்கியபடி.

சிவக்கொழுந்து பணிவாகத் தலையாட்டிவிட்டு எழுதியது: 'இடம்: முதலைத் துறை, தண்ணீர் ஓரம். நேரம்: காலை ஆறு மணி.'

அதிகாரி கடமை தவறாதவர். ஐந்தே முக்காலுக்கே போய், தண்ணீரில் கால் நனைத்துக் காத்திருந்தார்.

அந்தப் பதவி இன்றும் காலியாக இருக்கிறது. படிவம் மட்டும் நடைமுறையில் உள்ளது.

நீதி: உங்களிடம் நீங்கள் ஒருபோதும் பொய் சொல்லாதீர்கள். அதற்குத்தான் படிவங்கள் இருக்கின்றன.