மீதி உடம்பு

எங்கள் அலுவலகத்தின் பெயர் மருந்தளவு நிர்ணய அலுவலகம். எந்த மருந்தை யார் எவ்வளவு சாப்பிடலாம் என்று முடிவு செய்வது எங்கள் வேலை. முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்போம். பிறகு நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த அரிசியளவு சதையைக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்து, அதற்கும் கொடுத்துப் பார்ப்போம். எலியும் சதையும் ஒத்துக்கொண்டால் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். சதையை நாங்கள் சதை என்று சொல்வதில்லை, திசு என்போம். சதை என்றால் கசாப்புக்கடை ஞாபகம் வருகிறது என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது.

யோசனை நல்ல யோசனைதான். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ஒருவருக்குக் குணமாகிற அளவு இன்னொருவரைப் படுக்கையில் தள்ளிவிடும். கோளாறெல்லாம் அதற்கு ஓர் அலுவலகம் வைத்ததில்தான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே தலைமை எழுத்தராக உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். போன வருஷம் மாமாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் செருப்பு நுழையவில்லை, பிறகு தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. மருத்துவர் மாத்திரையின் பெயரை எழுதினார், எத்தனை என்று எழுதவில்லை. குறைத்துப் போட்டால் வீக்கம் வடியாது, கூட்டிப் போட்டால் சிறுநீரகம் போய்விடும், அதனால் அளவு வாங்கி வரச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார். அளவு எழுதிய எங்கள் ஓலை இல்லாமல் எந்தக் கடையிலும் அந்த மாத்திரை கொடுக்க மாட்டார்கள். உள்ளே மச்சான் இருக்கிறான், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று மாமா நம்பினார். நானும் நம்பினேன், அதுதான் வெட்கக்கேடு.

எலியிலேயே சிக்கல் வந்தது. பரிசோதனை எலி நோயாளியின் சூழ்நிலைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்து, விண்ணப்பதாரர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர், எலியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். எலிகளைப் பராமரிக்கும் எலிக்காரர் ஒரு வாரம் பாடுபட்டு எலியை உட்காரப் பழக்கினார். கோப்பு மறுபடி போனது. விண்ணப்பதாரர் குடும்பஸ்தர், எலி தனிக்கட்டை என்று ஓரத்தில் குறிப்பு வந்தது. எலிக்கு ஜோடி தேடினோம். ஜோடி அமைந்ததும் எலியின் உடம்பு நன்றாகத் தேறிவிட்டது.

அதிகாரி அதையும் ஏற்கவில்லை.

"இவருக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். எலிக்குப் பத்து நாள்தான் ஆகுது. அது சந்தோஷமா இருக்கு. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

எலி தன்னால் இயன்றவரை அனுசரித்துக்கொள்ளும் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகு, சிறப்பு நேர்வாகக் கருதி, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையுடன் எலி நிறைவேறியது.

அடுத்தது திசு. அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும். இதமான சூட்டில் ஒரு பெட்டி, இரண்டு வேளை புதுச் சத்துநீர். மணிக்கு ஒருமுறை ஒருவர் குனிந்து பார்த்து, நலமா இல்லையா என்று எழுதினார். அது நடக்கும்போது மாமா வராந்தாவில், உட்கார இடமில்லாமல், வீங்கிய காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டாம் நாள், மாத்திரையைக் கரைத்த ஒரு சொட்டு மருந்தில் திசு தேறியது. விண்ணப்பதாரர் பூரண நலமடைந்துவிட்டபடியால் கோப்பு முடிக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது.

மாமாவைக் கைத்தாங்கலாக அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், எனக்கு வீக்கம் அப்படியே இருக்கு" என்றார் மாமா.

அதிகாரி உத்தரவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி உத்தரவைப் பார்த்தார். "நீங்க குணமாயிட்டீங்க. இது மீதி."

"மீதின்னா?"

"மீதி உடம்பு. சோதிச்சது அரிசியளவு. அதுக்கு ஒரு சொட்டுன்னு முடிவாயிருக்கு. மீதி உடம்புக்கு எத்தனை சொட்டுன்னு நாங்களா எப்படிச் சொல்ல முடியும்? நீங்க எத்தனை அரிசி இருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? தனியா விண்ணப்பம் போடுங்க."

தனி விண்ணப்பம் போட்டோம். அது எலியிலிருந்து ஆரம்பித்தது. பழைய எலி இப்போது பிள்ளைகுட்டிக்காரன் ஆகிவிட்டதால் புது எலி வேண்டும் என்றார்கள். அது நிறைவேறவே மூன்று மாதம் ஓடியது. வீக்கம் முழங்காலைத் தாண்டியது. தையல் மிஷினைத் துணி போட்டு மூடியாயிற்று. ஒருநாள் சாப்பிடப் போன இடத்தில் அக்கா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, சோறு போடாமல் நின்றாள்.

"அங்க உக்காந்துக்கிட்டு நீ என்னதான்டா பண்றே? அந்தத் துளிச் சதையைப் பாத்துக்கிட்ட மாதிரி இவரைப் பாத்துக்கிட்டிருந்தா இந்நேரம் எழுந்து நடந்திருப்பாரே."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. மறுநாள் போனதும் விதிப்புத்தகத்தை எடுத்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். திசு அரிசியளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தது. எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

திசு மாதிரிகளின் பதிவேட்டில் எழுதினேன்: திசு, மனிதன். எடை அறுபத்தெட்டு கிலோ. நிலை, உயிரோடு. மாமாவின் மணிக்கட்டில் எண் சீட்டு ஒன்றைக் கட்டி எலிக்காரரிடம் ஒப்படைத்தேன். அவர் சீட்டைப் படித்தார், பதிவேட்டைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போனதில் அவருக்குத் திருப்தி.

"கண்ணாடித் தட்டு பத்தாதே" என்று மட்டும் கேட்டார்.

பெஞ்சு போதும் என்றேன்.

அன்றிலிருந்து மாமாவுக்கு ராஜ உபசாரம். இதமான அறை, இரண்டு வேளை சத்துநீர். திசு சோறு கேட்கிறது என்று எலிக்காரர் குறிப்பு எழுதியதும் சோறும் வந்தது. மணிக்கொரு தடவை ஆள் வந்து பார்த்தார். முதல் நாள் அரை மாத்திரை, அடுத்து ஒன்று, அடுத்து ஒன்றரை என்று ஏற்றி, ஒவ்வொரு தடவையும் காலை அளந்து எழுதினார்கள். ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்தது. காலையில் ஒன்று, மாலையில் அரை என்று அளவும் முடிவானது. பார்க்கப் போன என் கையை மாமா பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், நோயாளியா இருந்த வரைக்கும் ஒருத்தரும் என்னை நிமிந்து பாக்கல. இங்க என் மூஞ்சியைப் பாத்து எழுதிக்கிறாங்க."

மாமாவை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் அதிகாரி விதி பதினான்கை நினைவூட்டினார். சோதனை முடிந்த மாதிரியை ஏழு நாளுக்குள் அழிக்க வேண்டும், அழித்ததற்குச் சான்று வேண்டும். நான் 'அழிக்கப்பட்டது' என்று எழுதி நீட்டினேன். அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு வணக்கம் சொன்னார். அழிக்கப்பட்டவருக்குப் பதில் வணக்கம் சொல்வது பற்றி விதி ஏதும் இல்லாததால் அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதெல்லாம் எங்கள் குடும்பத்தோடு போயிருந்தால் நல்லது. போகவில்லை. மாதம் முடிவதற்குள் திசுவாகச் சேர வாசல் வரை வரிசை நின்றது. தலைவலிக்காரர், மூட்டுவலிக்காரர், வலி எதுவும் இல்லாமல் மரியாதைக்காக வந்தவர், எல்லாரும் இருந்தார்கள். மணிக்கட்டுச் சீட்டு நாகரிகமாகிவிட்டது. பெண் பார்க்கப் போகிற இடத்தில், மாப்பிள்ளை எத்தனையாம் எண் என்று கேட்கிறார்கள். மூன்று இலக்கத்துக்குள் இருந்தால் நல்ல இடமாம். காகிதச் சீட்டு நனைந்து கிழிகிறது என்று மாமா வெல்வெட்டில் பட்டி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மிஷின் சத்தம் இப்போது தெருமுனை வரை கேட்கிறது. அக்காவும் எனக்குச் சோறு போடுகிறாள். அதிகாரி தனக்கென்று பச்சை நிறத்தில் ஒரு பட்டி தைத்துக்கொண்டார். நோயாளிகளுக்கான ஜன்னலில் விண்ணப்பம் ஏதும் வராததால் அதை மூடிவிட்டோம்.

நேற்று ஓர் அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. இரண்டு காலும் வீங்கியிருந்தது, மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. திசுவாகப் பதிந்துகொள்ளச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் எதுக்குத் திசுவா வரணும்? மனுஷியாத்தான் வந்திருக்கேன். எனக்கு எவ்வளவு மருந்துன்னு சொன்னாப் போதும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டிகள் கொடுக்க வந்திருந்த மாமாவும் சிரித்தார். சிரிக்காமல் பதில் சொல்ல நான் சிரமப்பட்டேன்.

"மனுஷங்களுக்கு இங்க பிரிவு இல்லம்மா."

"அப்ப நீங்கல்லாம் யாரு?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். கையைத் திருப்பி, மாமா தைத்துக் கொடுத்த பட்டியில் இருந்த எண்ணைப் பிழையில்லாமல் படித்துக் காட்டினேன்.