பால்மா ரின் மூடியும் பிடிபடாத வட்டமும்

வட்டம் பிடிபடும்வரை கிணற்றடிப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று என் வீட்டுக்காரர் சபதம் போட்டு இருபது நாள். தண்ணீர் அள்ளுவது நான். பிள்ளையின் துணி தோய்ப்பதும் நான்.

அவருக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸில் வேலை. தற்காலிகம். ஒரு படத்தைக் கொடுத்தால் அதில் வட்டம் எங்கே என்று கொம்பியூட்டர் சொல்லவேண்டும். அப்படி ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினால் வேலை நிரந்தரம். வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் கிறகோரி சேர் பார்க்க வருகிறார். பிழைத்தால் மாத முடிவோடு வீட்டில்தான்.

அந்த மெசினுக்குக் கண் கிடையாது. கட்டம் போட்ட தாளில் இவர் வட்டம் கீறுவார். கோடு போகிற கட்டத்துக்கு ஒன்று, மற்றதுக்குப் பூச்சியம். நிரப்புவது நான். மூலையில் கையெழுத்து வைப்பது அவர். பிறகு வரிவரியாகக் கம்பஸ் மெசினில் அடிப்பார். முதல் கிழமை முழுக்க ஒரு வட்டத்தைப் பதினேழு என்றது. கணக்கைக் கொஞ்சம் இறுக்கினார். ஒன்றுமே இல்லை என்றது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் பின்னேரம் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, உந்த வட்டத்தை என்னத்தை வச்சுக் கீறினனீங்கள்?"

"பிள்ளையின்ரை பால்மா ரின் மூடி. ஏன்?"

"அது வட்டமோ?"

"பின்னை சதுரமோ? விசர்க்கதை கதையாதையும்."

"ஒருக்கா உருட்டிப் பாருங்கோவன்."

"பிழை என்ரை புரோகிராமுக்குள்ளை. உமக்கு உது விளங்காது. போய்ப் புட்டை அவியும்."

போனேன். தினமும் கரண்டிக் காம்பால் நெம்பி அந்தத் தகர மூடியைத் திறக்கிறவள் நான். அதில் ஏறி நின்று ஆடுகிறவள் எங்கள் மகள். குசினியில் உருட்டினேன். டக், டக் என்று துள்ளி விழுந்தது.

திரும்பி வந்தேன்.

"சரி, பந்தயம். பிழை புரோகிராமுக்குள்ளை எண்டால் ஒரு மாசம் நான் வாய் திறக்கேல்லை. வெளியிலை எண்டால்?"

"ஒரு மாசம் தண்ணி அள்ளித் துணியும் தோய்ச்சுத் தாறன்! போதுமே?"

"ஓம், போதும்."

அவர் மறுநாளைக்குப் போடச் சேர்ட் மினுக்கிக்கொண்டிருந்த நேரம் பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா அக்காவின் மகளிடம் கவராயம் வாங்கினேன். புதுத் தாளில் அதே அளவு வட்டம் கீறி, கட்டம் நிரப்பி, அவருடைய பைலில் வைத்தேன். பழைய தாள் என் சீலைப் பெட்டிக்குள்.

வெள்ளிக்கிழமை எனக்கு உயிரே இல்லை. கரண்ட் நின்றால்? நான் ஒரு கட்டத்தை மாறி நிரப்பியிருந்தால்? நல்ல தாளை எடுத்துவிட்டுக் கூடாததை வைத்தேனோ? பெட்டியை மூன்று தரம் திறந்து பார்த்தேன். அதற்குள் பருப்பு அடிப்பிடித்தது.

வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பிலேயே அவருடைய சைக்கிள் மணி ஓயாமல் அடித்தது.

"பிடிச்சிட்டுது! ஒரேயொரு வட்டம்! சேர் கை குலுக்கினவர். வேலை நிரந்தரம்!"

கண் கலங்கிவிட்டது எனக்கு. "எப்பிடி?"

"காலமை ஒரு இலக்கம் மாத்தினனான். பன்னிரண்டைப் பதினொண்டாக்கினன். பார்த்தீரே, பிழை உள்ளுக்குள்ளைதான். இனி ஒரு மாசம் வாய் திறக்கப்படாது!"

"கடைசியாய் ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு நீங்கள் அடிச்ச தாளிலை உங்கடை கையெழுத்து இருந்ததோ?"

பைலைத் திறந்தார். இல்லை. கையெழுத்து வைத்த தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். மூடியையும் கொடுத்தேன். உருட்டினார். டக், டக்.

திரும்பவும் உருட்டினார். பிறகு துள்ளி எழும்பினார்.

"மூடியை நெளிச்சது ஆர்? நீர்! அப்ப பிழை உம்மடை!"

"ஓம், என்ரைதான். நான் புரோகிராமுக்கு வெளியிலைதானே நிக்கிறன்?"

வாளியைத் தூக்கினார். கிணற்றடியில் இப்போது கப்பி கிரீச், கிரீச் என்கிறது.

"இஞ்சேருங்கோ, தண்ணி அள்ளேக்கை அந்தக் கப்பியும் வட்டமோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ!"