சாத்துக்குடியார் அறியாத காய்ச்சல்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒருவர் நோயுற்றால், அச்செய்தி மருத்துவரைவிட முன்னதாகச் சாத்துக்குடியாரைச் சென்றடையும். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; அதைக் கேட்டறிந்தவர் எவரும் இலர். கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் விளக்குச் சுமந்து ஓய்ந்த பின்னர், நோயாளிகளின் நலம் விசாரிப்பதையே முழுநேர அலுவலாக ஏற்றுக்கொண்டவர். பையில் இரண்டு சாத்துக்குடியும், நாவில் ஒரு மரணமும் இல்லாமல் அவர் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை.

எவருக்கு என்ன வியாதியோ, அதே வியாதியில் மறைந்த ஒருவரை அவர் நிச்சயம் அறிந்திருப்பார். முழங்கால் வலியென்று படுத்த எதிர்வீட்டுக்காரரிடம், முழங்கால் வலியில் தொடங்கி மூன்றே வாரத்தில் முடிந்துபோன தேனாம்பேட்டைக்காரர் ஒருவரின் வரலாற்றை, இறுதி ஊர்வலம் சென்ற வழி உட்பட எடுத்துரைத்தார். எதிர்வீட்டுக்காரர் அன்று மாலையே எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

என் மனைவி படுக்கையில் இருந்தபோது அவர் நான்கு முறை வந்தார். ஐந்தாம் முறை அவர் கையில் பழம் இல்லை, மாலை இருந்தது.

ஆகவே, என் மகள் கயல் காய்ச்சலில் விழுந்தபோது, நோயைவிட அவருடைய வருகைக்கே நான் அதிகம் அஞ்சினேன். கயல் எங்களுக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே குழந்தை. அடையாற்றில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தொண்டை அடைத்து, கழுத்தில் நெறி கட்டி, எச்சில் விழுங்குவதற்கே அழுதாள். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து ‘மோனோ’ என்றார். இதற்கென மருந்து கிடையாது. ஓய்வும் நீராகாரமுமே மருந்து. மண்ணீரல் வீங்கியிருப்பதால் பளு தூக்கக் கூடாது, ஓடக் கூடாது. முழுதும் தேற ஓரிரு மாதங்கள் ஆகலாம். எச்சில் வழியே பரவுவதால் ‘முத்தக் காய்ச்சல்’ என்றும் சொல்வதுண்டு, தோழியின் தண்ணீர்ப் பாட்டிலில் வாய் வைத்தாலே போதும் என்று சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தியாகராய நகர் ஜவுளிக்கடையொன்றில் நாற்பது ஆண்டுகள் சேலை விரித்துக் காட்டியவன் நான். ஒரு பெண்ணின் பெயரைத் தெரு எப்படி விரித்துக் காட்டும் என்பதையும் அறிந்தவன்.

மறுநாளே சாத்துக்குடியார் வந்துவிட்டார்.

“இன்னா அண்ணாச்சி, பாப்பாவுக்கு இன்னா காய்ச்சலாம்?”

“டைபாய்டு” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவருடைய களஞ்சியத்திலேயே மிகப் பெரிய அறையை நானே திறந்துவிட்டிருந்தேன்.

“டைபாய்டா! ராயப்பேட்டைல என் சகலையோட தம்பி. உங்க பாப்பா வயசுதான். எய்ந்து ஒக்காந்தான், ரெண்டு இட்லி துன்னான், கை கய்வப் போனான்…”

“கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள புள்ள தூங்குது.”

“மெதுவாத்தான் சொல்றேன். கை கய்வப் போனவன், போனவன்தான்.”

நாள்தோறும் வந்தார். கூடத்துக்கும் கயலின் அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை மட்டுமே இருந்தது. காலையில் கஞ்சி, வாய் கொப்பளிக்க உப்பு வெந்நீர், பகலில் இளநீர் என்று நான் பக்கத்திலேயே இருந்தேன். அவளோ நாளின் முக்கால் பாகம் உறங்கினாள். விழித்த நேரத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மூன்றாம் வாரம் காய்ச்சல் விட்டது. ஆனால் நின்று தலைவாரவும் உடலில் வலுவில்லை.

“எனக்கு இது சரியாகாதுப்பா” என்றாள் ஒருநாள், முகத்தைத் திருப்பாமலே. “அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் காலேஜை விட்டுடறேன்.”

கையிலிருந்த கஞ்சி ஆறி ஏடு கட்டியது. இரத்தச் சோதனைத் தாளைக் காட்டினேன். மருத்துவர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தாயை இழந்த வீட்டில் தகப்பனின் ஆறுதலுக்கு மதிப்புக் குறைவு.

மறுநாள் சாத்துக்குடியார், டைபாய்டில் போன புதுமணப்பெண் ஒருத்தியின் கதையைத் தொடங்கியிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது.

“அங்கிள், எனக்கு டைபாய்டு இல்ல. மோனோ. முத்தக் காய்ச்சல்னு சொல்லுவாங்க. அப்பா வெக்கப்பட்டுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டாரு.”

நான் தரையைப் பார்த்தேன். அவர் வாய் பாதியில் நின்றது.

“மோனோவா?” என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “அதுல நமக்கு யாரையும் தெரியாதே!”

புதுமணப்பெண்ணை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து போனார்.

நான்கு நாள்கள் வரவில்லை. தெருவெங்கும் சொல்லிக்கொண்டிருப்பார் என்று எண்ணி, பால் வாங்கவும் தலை குனிந்தே போய்வந்தேன். ஐந்தாம் நாள், சட்டையெல்லாம் வியர்வையாக வந்து நாற்காலியில் சரிந்தார்.

“ராயப்பேட்டை ஆஸ்பத்திரில நம்ம தோஸ்து ஒர்த்தர் கீறாரு, அவரைக் கேட்டேன். தேனாம்பேட்டைல மூணு மருந்துக் கடை ஏறி எறங்கினேன்.”

“எதுக்கு?”

“இதுல யார்னா போயிருக்காங்களான்னுதான். ஒர்த்தர் கூட கெடைக்கல அண்ணாச்சி! ரெண்டு மாசம் படுத்துக்கினு இருப்பாங்களாம், அப்பால எய்ந்து வேலைக்குப் பூடுவாங்களாம். இதெல்லாம் ஒரு சீக்கா? ஒரு மரியாதி வேணாம்?”

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். அழுகிறாள் என்று எண்ணி எழுந்தேன். அது இருமலும் சிரிப்பும் கலந்த ஓசை. கயல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்து, அவருக்கு எதிரே அமர்ந்தாள்.

“ஒருத்தர் கூடவா கிடைக்கல அங்கிள்?”

“இல்லம்மா. மந்தவெளில ஒர்த்தர்கிட்ட சொல்லி வச்சிக்கீறேன். பாக்கலாம்.”

“பாவம் நீங்க” என்று மறுபடி சிரித்தாள். மருத்துவரை நம்பாத பெண், சாவைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியவரை நம்பினாள். அன்று கஞ்சியை முழுதாகக் குடித்தாள். கல்லூரியை விடும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அவர் கிளம்பியபோது மாடிப் படிக்கட்டு வரை உடன் சென்றேன். கேட்கக் கூசினேன், ஆயினும் கேட்டேன்.

“விசாரிச்ச எடத்துல, நோவு யாருக்குன்னு கேட்டிருப்பாங்களே?”

“கேட்டானுங்க. எனக்குத்தான்னு சொல்லிட்டேன். இந்த வயசுல யார்கிட்ட வாங்கினு வந்தேன்னு ஒரே சிரிப்பு” என்றபடி படியிறங்கினார்.

கைப்பிடிச் சுவரில் குனிந்து, “நாளைக்கும் வாங்க” என்று நான் கூப்பிட்டுச் சொன்னேன்.