பவளத்தோடு ஒட்டிய கை

இணையத்தில் நான்கு காணொளி பார்த்தவனை யாராலும் திருத்த முடியாது. நான் ஆறு பார்த்திருந்தேன்.

அப்போது மன்னார்த் தீவில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்க்கப்போகிறேன் என்று அதிபர் றிஸ்வானா ரீச்சரிடம் நானாகத்தான் வலியப் போய்ச் சொன்னேன். கடலில் பவளம் உடைப்பது குற்றம். அதனால், கொழும்பில் அனுமதியோடு வளர்க்கும் ஒருவரிடமிருந்து மூன்று சிறு துண்டுகள் வரவழைத்தோம். அவற்றை ஒட்டி நிறுத்துகிற அடிக்கட்டைகள் கடையில் கிடைக்கும். நான் வாங்குவேனா? சீமெந்தும் மணலும் குழைத்து, மனைவி நிர்மலாவின் ஜெலி அச்சுகளில் (அவளைக் கேட்காமல்தான்) வார்த்தேன். ஒரு மாதம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டேன். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று ஆசிரியர் அறையில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னேன்.

திறப்பு விழாவன்று, கல்விப் பணிப்பாளர் வர அரை மணித்தியாலம் இருக்கும்போது, ஒரு துண்டு கட்டையிலிருந்து கழன்று விழுந்தது. சூப்பர் குளூவைத் தாராளமாகப் பூசி, தொட்டிக்குள் கையை விட்டு அழுத்திப் பிடித்தேன். அந்தப் பசை தண்ணீருக்குள் இன்னும் விரைவாக இறுகும் என்பது ஏழாவது காணொளியில் இருந்திருக்க வேண்டும்.

பவளம் ஒட்டியது. கூடவே என் மூன்று விரல்களும்.

பிய்த்து இழுத்தால் பவளம் நொறுங்கும். வெளியே எடுத்தால் காய்ந்துவிடும். நான் யோசித்து முடிப்பதற்குள் பணிப்பாளர் உள்ளே வந்து கையை நீட்டினார். நான் இடக்கையை நீட்டினேன். அவர் முகம் மாறியது.

றிஸ்வானா ரீச்சர் அசரவில்லை. "சேர் பவளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். இப்ப விடேலாது," என்றார். (ஒரு சொல்லும் பொய்யில்லை.)

பணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். ஆசிரியர்களின் அர்ப்பணிப்பைப் பற்றி, என்னைக் காட்டிக் காட்டி, முக்கால் மணித்தியாலம் பேசினார். நான் முழங்கை வரை உப்புத் தண்ணீரில் நின்று அடக்கமாகத் தலையாட்டினேன்.

அவர் போனதும் மற்ற ஆசிரியர்கள் கையைக் கட்டையோடு கடல்நீர் வாளிக்குள் மாற்றி, கட்டை உடைந்தால் விரல் கழலும் என்று சுத்தியலால் தட்டினார்கள். உடையவில்லை. நான் சொன்னது உண்மைதான் என்று ரீச்சர் ஒத்துக்கொண்டார்.

கடைசியில் நிர்மலாவைக் கூப்பிட்டார்கள். அவள் என் விரல்களைப் பார்க்கவில்லை. கட்டையின் பூ வடிவத்தைப் பார்த்தாள்.

"இது என்ர ஜெலி அச்செல்லோ?"

பிறகு தையல் நூலை விரலுக்கும் பவளத்துக்கும் நடுவே கொடுத்து, வாள் இழுப்பதுபோல் மெல்ல மெல்ல அறுத்து எடுத்தாள். கொஞ்சத் தோல் பவளத்தோடு போய்விட்டது. பவளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று அது கட்டையை முழுதாக மூடி வளர்ந்திருக்கிறது.

உறவினர் வீட்டில் கலியாணம், வீடு குடிபுகுதல் என்று யாராவது எனக்கு ஒரு பொறுப்புத் தர வந்தால், என் மகள் முந்திக்கொள்வாள்: "அப்பாட்ட குடுக்காதேங்கோ. பிடிச்சா விடமாட்டார்."

சங்கதி தெரியாதவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்து என் கையைக் குலுக்குகிறார்கள். நானும் நன்றி சொல்லிவிடுகிறேன்.